மாமியாரின் கன்னத்துச் செல்

உடுப்பி இந்திராபாய் வீட்டுக்குள் வெங்காயம் நுழையவே கூடாது. மருமகள் ஸ்மிதா வந்த அன்றே மாமியார் போட்ட சட்டம் அது.

உயிரியல் ஆசிரியையான ஸ்மிதா, வகுப்புக்காக மாமியாரின் உள்கன்னத்தைக் குச்சியால் வழித்து எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள்.

"என்னடி தெரியுது?"

"உங்க செல்லு, அத்தே. சுத்தி மெல்லிசா சவ்வு. நடுவுல உட்கரு. அது சொல்றபடிதான் மத்ததெல்லாம் நடக்கும்."

"என்னை மாதிரின்னு சொல்லு!"

ஸ்மிதா மறுபடி குனிந்து பார்த்தாள். "பக்கத்துல கட்டம் கட்டமா சுவர் வச்ச செல்லும் இருக்கே! மனுஷ செல்லுக்குச் சுவர் கிடையாது. செடிக்குத்தான் விறைப்பா நிக்க அது வேணும். அத்தே... வகுப்புல பசங்களுக்கு நான் எப்பவும் காட்டற செல்லு இது. வெங்காயம்!"

இந்திராபாய் வாசலை எட்டிப் பார்த்தார். "மெதுவாப் பேசு. கோயிலுக்குப் போற வழியில ஒருத்தன் சுடச்சுட வெங்காய பஜ்ஜி போடறான். உன் புருஷன்கிட்ட சொல்லிடாதே."

"சொல்லமாட்டேன். நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க."

"நாளைக்கு எதுக்கு? இப்பவே புடவையை மாத்து!"