உள்ளங்கால்

தோஹாவில் ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு. காலை வெயில் கண்ணாடி வழியாக முத்துச்செல்வியின் போர்வையில் விழுகிறது. அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்து மூன்று மணி நேரம்தான் ஆகிறது. ஸ்டேஷனுக்கு அழைத்துப்போக வந்த பெண் போலீஸ் கதவோரம் போனைத் தேய்த்தபடி நிற்கிறாள். நாகர்கோவில்காரியான நர்ஸ் ரெஜினா பிறப்புப் பதிவுப் படிவத்தோடு கட்டிலருகே குனிகிறாள்.

"மக்களே, கல்யாண சர்ட்டிபிகேட் இல்லாம பெத்தா இங்க கேஸாக்கும். நான் போலீஸுக்குச் சொல்லலேன்னா எனக்க வேல போயிருக்கும். பிள்ளைக்க அப்பா பேரு என்ன?"

முத்துச்செல்வி இரண்டு வருடமாகச் சமைத்துப்போடும் வீட்டு முதலாளியின் பெயரைச் சொல்கிறாள். "என் ரூம் கதவுக்குத் தாழ்ப்பாளே கெடையாதுக்கா. எழுதுவீகளா?"

ரெஜினாவின் பேனா தாளைத் தொடாமல் நிற்கிறது. "எழுதினா, பொய்யின்னு அவன் உம்மேல இன்னொரு கேஸ் போடுவான்."

"அப்ப யாருட்டதான் சொல்றது?"

ரெஜினா பேனாவை மூடுகிறாள். படிவத்தில் அப்பா பெயருக்கான இடம் வெள்ளையாகவே கிடக்கிறது. போலீஸ்காரி போனைப் பைக்குள் போடுகிறாள். "சிஸ்டர், கலாஸ்? யல்லா," முடிந்ததா, கிளம்பலாம் என்று அரபியில் அவசரப்படுத்துகிறாள்.

ரெஜினா சட்டென்று தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து முத்துச்செல்வியின் மார்பில் வைக்கிறாள். பால் குடித்து முடியட்டும் என்று கதவைப் பார்த்துச் சொல்கிறாள். போலீஸ்காரி முகத்தைச் சுளித்து, சுவரில் சாய்ந்து நிற்கிறாள். "மெதுவா குடுடி," என்கிறாள் ரெஜினா, உதடு அசையாமல்.

வயிறு நிறைந்த குழந்தைக்குக் கண் செருகுகிறது. வாய் காம்பை விட்டு நழுவுகிறது. முத்துச்செல்வி அதன் உள்ளங்காலை விரலால் சுண்டுகிறாள். சிணுங்கிவிட்டு மறுபடியும் குடிக்கிறது குழந்தை.