மூடாத வளையம்

நாணயத்தை விளக்கின் கீழ் வைத்து மெல்லச் சாய்த்தேன்.

விளிம்பில், நஞ்சை விழுங்காமல் நிறுத்திவைத்த கண்டத்தின் நீலம். அதற்குள் அந்திச் செம்மை. நடுவே பொன்.

மேசைக்கு எதிரே இரண்டு பெண்கள். ஒரே வீட்டின் மருமகள்கள். மூத்தவர் கைப்பையை மடியில் இறுகப் பிடித்திருந்தார். இளையவர் நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தார்.

மாமியார் காலமாகி ஒரு மாதமாம். அவருடைய பெட்டியில் இருந்த நாணயமாம் இது. விற்பதானால் இருவரும் சேர்ந்தே விற்க வேண்டும் என்று மூத்தவர் சொல்லியனுப்பியிருந்தார். ஓரகத்தியிடம் நேரில் சொல்லவில்லை; கணவர்மார் வழியாகச் சொன்னார்.

என் கடையிலும் அதே ஏற்பாடுதான். ஒருவர் சொல்வதை மற்றவரிடம் நான் கொண்டு சேர்க்க வேண்டியிருந்தது.

"ரொம்பக் கறுத்துப் போச்சு. தேச்சு வெள்ளையாக்கித் தர முடியுமா?" என்றார் மூத்தவர்.

இளையவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "விட்டா எங்கக்கா சந்திரனையே புளி போட்டுத் தேச்சுடுவாங்க."

மூத்தவர் சிரிக்கவில்லை.

தேய்க்கக் கூடாது என்றேன். காற்றில் கலந்திருக்கும் கந்தகம் வெள்ளியின் மேல் ஆண்டுக்கணக்கில் எழுதிய நிறம் இது. சேகரிப்பவர்கள் டோனிங் என்பார்கள். சூடு காட்டியும் மருந்தில் முக்கியும் ஒரே நாளில் நிறமேற்றுகிறவர்கள் உண்டு. அந்த நிறம் பார்த்த உடனே பல்லை இளிக்கும். தானாக வந்தது அடுக்கடுக்காக வரும். பொன்னில் தொடங்கிச் செம்மையாகி நீலத்தில் போய் நிற்கும். ஒன்றைப்போல் இன்னொன்று அமையாது. அதற்காகவே சிலர் பித்தர்களாக அலைகிறார்கள். தேய்த்துவிட்டால் மிஞ்சுவது வெறும் வெள்ளி.

பிறகு நாணயத்தின் நடுவைக் காட்டினேன்.

பொன்னிறத்துக்குள் வளையம் போல ஒரு வெள்ளை வட்டம். அங்கு மட்டும் நிறம் ஏறவில்லை.

இந்த இடத்தில் ஏதோ ஒன்று பல ஆண்டுகள் கிடந்திருக்கிறது, அது மூடிய இடத்தில் காற்றுப் படவில்லை என்றேன். அளவைப் பார்த்தால் மோதிரம். ஆனால் வட்டம் முழுமையாக இல்லை. ஓரிடத்தில் அரிசியளவு இடைவெளி இருக்கிறது.

இளையவர் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். நெடுநேரம் குனிந்திருந்தார்.

நிமிர்ந்தபின், குரலை உயர்த்தாமல் சொல்லத் தொடங்கினார். மாமியாரின் விரல் வீங்கியபோது, மோதிரத்தை வெட்டி எடுக்கத் தட்டாரிடம் அழைத்துப் போனது தாம்தானாம். வெட்டிய வாயை ஒட்டவைக்கும் முன்பே, அந்த வாரத்திலேயே, மோதிரம் காணாமல் போயிற்று. பெட்டியைக் கடைசியாகத் தொட்டவள் சின்னவள்தானே என்று ஒரு வாய் சொன்னது. ஒருவரும் மறுக்கவில்லை. மறுநாளிலிருந்து பெட்டியின் சாவி மாமியாரின் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. இளையவர் அறைக்குள் வந்தால், திறந்திருக்கும் அலமாரி தானாக மூடிக்கொள்ளும்.

பதினோரு ஆண்டுகள்.

அந்த வாய் யாருடையது என்று அவர் சொல்லவில்லை. மூத்தவர் பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

நாணயத்தில் பொறித்திருக்கும் ஆண்டைப் படிக்கச் சொன்னேன்.

இளையவர் படித்தார். விரல்விட்டு எண்ணினார். ஐயம் தீராமல் இன்னொரு முறை எண்ணினார்.

மோதிரம் தொலைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து அச்சிட்ட நாணயம் அது. தொலைந்ததாகச் சொன்ன மோதிரம், பின்னால் வந்த நாணயத்தின் மேல், அதே பெட்டிக்குள் படுத்திருக்கிறது. சாவி மாமியாரிடம் இருந்தது. மோதிரம் அகப்பட்டதை அவர் அறிந்திருக்கிறார், சொல்லாமலே போய்விட்டார்.

"அப்ப நான் எடுக்கலை," என்றார் இளையவர், தமக்கே அது புதிய செய்தி போல.

மூத்தவர் பையைத் திறந்தார். காகிதப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, உள்ளிருந்த மோதிரத்தை எடுத்து வெள்ளை வட்டத்தின் மேல் வைத்தார். கீறல் விழும் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

மோதிரம் கோணலாக விழுந்திருந்தது. இளையவர் ஒற்றை விரலால் அதைத் திருப்பினார். இடைவெளி இடைவெளியோடு பொருந்திற்று.

நாணயத்தை விற்கப் போவதில்லை என்று இளையவர் என்னிடம் சொன்னார். அது காற்றுப்படாமல் இருக்க ஒரு டப்பா கேட்டார். இரண்டையும் தம் பைக்குள் வைத்துக்கொண்ட பிறகு, வந்ததிலிருந்து முதன்முறையாகப் பக்கத்து நாற்காலியின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எந்திரிங்கக்கா. போலாம்."

இரண்டு செருப்போசைகளும் படியிறங்கி அடங்கும்வரை காத்திருந்து விளக்கை அணைத்தேன்.

இருவரும் சேர்ந்து வருவதற்கு முன்பே, சென்ற வியாழனன்று, மூத்தவர் அதே நாற்காலியில் தனியாக அமர்ந்திருந்தார். மாமியார் போனபின் பெட்டியை முதலில் திறந்தவர் அவர். நாணயமும் மோதிரமும் ஒட்டினாற்போல் கைக்கு வந்தனவாம். அன்று, அந்த வட்டம் அழிய வேண்டும் என்று உண்மையாகவே விரும்பித்தான் தேய்த்துத் தரச் சொன்னார். இன்று நான் சொன்ன அத்தனையையும் அன்றும் சொன்னேன்.

எழுந்தபோது அவர் ஒன்று கேட்டார்.

"அவளை இங்க கூட்டிட்டு வர்றேன். தேச்சுத் தர முடியுமான்னு நானே முதல்ல கேக்கறேன். எனக்குச் சொன்னதை அவகிட்டயும் அப்படியே சொல்லிடுங்க. அன்னைக்கு அவ பேரைச் சொன்ன வாய் இது. இப்போ உண்மையைச் சொல்ல வர மாட்டேங்குது."