கரண்டை நிறுத்தாத வளையம்

கேளுங்கள் கண்ணுகளா. எந்த அறை எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பதிவுசெய்ய, எலக்ட்ரீஷியன் தன் அக்கா வீட்டுக்கு ஒயரைச் சுற்றி மாட்டும் இரண்டு வளைய சென்சார்கள் கொண்டுவந்தான்; ஒன்று முழு வளையம், மற்றது திறந்து மூடுவது.

"முழு வளையம்தான் துல்லியம்க்கா. ஒயரைக் கழட்டி மாட்டணும். ரெண்டு நிமிஷம் கரண்டை நிறுத்தணும்."

"நிறுத்தாம மாட்டுறதையே போடுடா. மாமாவுக்கு மூச்சு முட்டும்."

மாமா, அதாவது அக்காவின் கணவர், இறந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. அவருடைய சுவாச இயந்திரத்தை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்ததே தம்பிதான்.

"உன் பிடிவாதம் இருக்கே!" என்றவன், அவள் மனம் நோகக் கூடாதென்று, திறந்து மூடும் வளையத்தையே மாமா அறைக்குப் போகும் ஒயரில் கவ்வவிட்டான்.

அந்த அறையில் எதுவும் செருகியிருக்கவில்லை. பதிவுக் கருவியின் திரையில் கோடு நிதானமாக ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

ஒருமுறை இறங்கிய கோடு, ஏறத் தாமதித்தது.

அது ஏறும்வரை அக்காவும் தம்பியும் மூச்சுவிடவில்லை.