சம்பந்தியம்மாவின் நீலம்

சியோலில், யாருக்கு எந்த நிறம் பொருந்தும் என்று பார்த்துச் சொல்லும் கூடம் அது. தன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அம்மாவுக்குப் பரிசாக இருக்கட்டும் என்று மகள் போராதான் கூட்டி வந்திருக்கிறாள். வெள்ளை விளக்கின் கீழ், கூந்தலை வெள்ளைத் துணியால் மூடி, பூச்சில்லாத முகத்தோடு அம்மா மியோங்சுக் உட்கார்ந்திருக்கிறாள். தோளில் இளஞ்சிவப்புத் துணி விழுந்ததும் கன்னம் சாம்பலாகிறது. அடர்நீலம் விழுந்ததும் முகம் கழுவிவிட்டதுபோல் தெளிகிறது. “முகத்துக்குப் பொருந்துற நிறங்களப் பருவமாப் பிரிச்சா நீங்க குளிர்காலம்மா. நீலந்தான் உங்களுக்கு,” என்கிறாள் நிறம் பார்க்கும் பெண். “கல்யாணத்துல நீலம் மாப்பிள்ளையப் பெத்தவ உடுத்துறது. பொண்ணப் பெத்தவளுக்கு இளஞ்சிவப்புதான். தைச்சும் வந்தாச்சு,” என்கிறாள் மியோங்சுக். “அப்ப என்னையப் பையனாப் பெத்திருக்கணும்,” என்று போரா சிரிக்கப் பார்க்கிறாள், சிரிப்பு வரவில்லை. தோளிலிருந்து நீலத்தை எடுக்க நிறம் பார்க்கும் பெண்ணின் கை நீள்கிறது. “கொஞ்ச நேரம் இருக்கட்டுமே,” என்கிறாள் அம்மா, கண்ணாடியிலிருந்து கண்ணெடுக்காமல்.