பூஜ்ஜியத்தைத் தாண்டிய அன்னம்

"வெளியில இல்லைங்க. உள்ள பாருங்க. அன்னத்தோட வயித்துல."

அவள் சிரிப்பைக் கலைக்காமல் கண்ணை மட்டும் திருப்பினாள்.

வரவேற்பு மேடையில், அவர்களுக்குப் பக்கத்தில், பனிக்கட்டியில் செதுக்கிய அன்னம். வீடியோக்காரரின் விளக்கு அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடி போன்ற வயிற்றுக்குள் குட்டிக் குட்டியாய்ப் பூக்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு இதழ்.

"எல்லாம் தண்ணிங்க," என்றான் மாப்பிள்ளை. "தண்ணிப் பூ."

விடிந்தால் முகூர்த்தம்.

மண்டபம் பிடித்தார்கள். பத்திரிகை அடித்தார்கள். புடவைகூட எடுத்துக்கொண்டுதான் வந்தார்கள்.

நீ என்ன நினைக்கிறாய் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை.

"சிரி கண்ணு," கீழேயிருந்து அத்தை.

சிரித்தாள். விளக்கின் சூடு நெற்றிச்சுட்டியில் ஏறியது.

"மேல்பக்கம் சட்டுனு உருகிடும். உள்ள அப்படி இல்லைங்க. சூடு பூஜ்ஜியம் டிகிரியத் தாண்டிப் போயிரும், அப்பவும் ஐஸாவே நிக்கும். எங்க ஆரம்பிக்கறதுன்னு அதுக்குத் தெரியாது."

பனிக்கட்டி உருகுவதைப் பற்றித்தான் அவனுடைய ஆராய்ச்சி. பெண் பார்க்க வந்த அன்று தரையைப் பார்த்தபடி பஜ்ஜி தின்றவன். இப்போது பரிசை நீட்டுபவரைக்கூடக் கவனிக்கவில்லை.

"பாருங்கப்பா, மாப்ள இப்பவே பொண்ணுக்கு ஐஸ் வெக்கறாரு!"

யாரோ ஒரு மாமா. மேடையே சிரித்தது.

அவள் சிரிக்க மறந்திருந்தாள்.

"அப்பறம் எப்படித்தான் உருகும்?"

அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தைகள்.

அவன் ஒரு நொடி அன்னத்தையே மறந்துவிட்டான்.

"உள்ள ரெண்டு தண்ணித் துகள் எடம் மாறும். முக்காவாசி திரும்பி வந்து உக்காந்துக்கும், ஒண்ணுமே நடக்காத மாதிரி. ஆனா ரெண்டும் தள்ளித் தள்ளிப் போயிருச்சுன்னா, திரும்பற வழி தெரியாதுங்க. அங்கேருந்துதான் எல்லாமே இளகும்."

"மேடம், சார் பக்கம் லேசா சாயுங்க," என்றார் போட்டோகிராபர்.

அவள் சாயவில்லை.

அன்னத்துக்குள் புதிதாய் ஒரு பூ விரிந்தது. நடுவில் வெறுமை, ஒரு வெள்ளிப் பொட்டுபோல.

மேளம், கூட்டம், பன்னீர் வாசம் எல்லாம் எங்கோ தண்ணீருக்கு அடியில் போயின.

பூவின் பக்கத்தில் ஒரு புள்ளி. இன்னும் எதுவாகவும் ஆகாதது. அவன் மாலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்தான்.

"இது திரும்பிருமா, பூத்துருமா? சொல்லுங்க, நீங்க என்ன நெனைக்கறீங்க?"