முதல் கடி

மிருகக்காட்சிசாலையில் சிம்பன்சி சுஜியின் கூண்டைக் கழுவப் போன எத்திராஜ் வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓங்கரித்தார். கழிச்சல் முழுக்க வெள்ளை நூல்நூலாகக் கீரிப்பூச்சிகள் நெளிந்தன. போன வாரம் இதே பூச்சியால்தான் சுஜியின் குட்டி செத்தது.

"இன்னைக்கு மாத்திரை உள்ள போயே ஆகணும்ண்ணே. இருக்கிற நிலைமைக்கு மயக்க ஊசி தாங்காது" என்ற டாக்டர் நஸ்ரின், பொடித்த மாத்திரையை வாழைப்பழத்துக்குள் திணித்து அவரிடம் கொடுத்தாள்.

வந்த புதிதில் பட்டினி கிடந்த சுஜிக்கு, தான் ஒரு கடி கடித்துக் காட்டித்தான் எத்திராஜ் சாப்பிடக் கற்றுக்கொடுத்தார். எட்டு வருடமாகியும் அவர் கடிக்காத எதையும் அது தின்னாது.

இன்று அந்தக் கழிச்சலைப் பார்த்தபின் அவருக்குக் கடிக்க மனம் வரவில்லை. பழத்தை உதட்டருகே கொண்டுபோய், வெறும் வாயை மென்றுவிட்டு நீட்டினார். சுஜி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பல் பட்ட இடமே இல்லை. அவரையே பார்த்தபடி பின்புறத்தை நன்றாகச் சொறிந்தது. சொறிந்த விரல்களாலேயே பழத்தைப் பிசைந்து, ஒரு விள்ளலைக் கம்பி வழியே அவர் வாய்க்கு நேராக நீட்டியது. நகக்கண்ணில் ஏதோ அசைந்தது.

"வேற பழம் குடுங்க மேடம்."

"இருந்த மாத்திரை அவ்ளோதாண்ணே." நஸ்ரின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பூச்சி மாத்திரைதானே, உங்களுக்கும் நல்லதுதான்."

எத்திராஜ் கண்ணை மூடி வாயைத் திறந்தார். சுஜி விரலை உள்ளே விட்டு நாக்கில் தடவியது. பிறகு, விழுங்குகிறாரா என்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தது.