கடற்பக்க மூலை

டிலுக்ஷன் சப்பாத்து நுனியால் கடற்பக்க மூலையின் செம்மண்ணைக் கிளறினான். லதீசன் அவனுடைய வாழ்க்கையைக் களவெடுத்த இடம் இதுதான்.

அப்போது அவனுக்குப் பதினேழு வயது. இதே துறைமுக வீதித் திடலில் மாவட்ட ரெனிஸ் இறுதிப் போட்டி. இங்கே நடுவர் கிடையாது. தன் பக்கத்தில் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று அவரவரே சொல்ல வேண்டும், சொன்னால் சொன்னதுதான்.

டிலுக்ஷன் அடித்த பந்து இந்த மூலையில் விழுந்தது. லதீசன் விரலைத் தூக்கி, "வெளியில" என்றான். மண்ணில் பதிந்த தடத்தை யாரும் வந்து பார்ப்பதற்குள் சப்பாத்தால் தேய்த்தும் விட்டான்.

அந்தப் புள்ளியோடு போட்டியும், கொழும்புப் பயிற்சி அணியில் இருந்த ஒரே இடமும் லதீசனுக்குப் போயின. அவனோ ஒரு வருடத்திலேயே அலுத்துத் திரும்பி வந்து வங்கியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வயிறு எரியுமா எரியாதா?

டிலுக்ஷன் விடவில்லை. துருக்கி, எகிப்து, துனீசியா என்று சின்னச் சின்னப் போட்டிகளாக அலைந்தான். விடுதிக் குளியலறையில் சட்டை தோய்த்தான். மற்ற ஆட்டக்காரர்களின் றக்கற்றுக்கு நரம்பு கட்டிக் கொடுத்துச் சாப்பிட்டான். உலக வரிசையில் தொள்ளாயிரத்துச் சொச்சத்துக்கு மேல் ஏறவே முடியவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் அவனிடம் ஒரே காரணம்தான் இருந்தது: அந்தப் பந்தைக் களவெடுக்காமல் விட்டிருந்தால் இன்று நூறுக்குள் இருந்திருப்பான்.

மணிக்கட்டு நோவோடு சொந்த ஊரான பாலையூற்றுக்குத் திரும்பி வந்தவனை வைத்தியர் ஆடவே கூடாது என்றார். லதீசன் விளையாடுகிறான் என்று கேள்விப்பட்டதும் டிலுக்ஷன் மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டான். இறுதிப் போட்டியில் இருவரும் எதிரெதிரே வந்து நின்றார்கள்.

"கை போனாலும் பரவாயில்லை அம்மா. இந்தச் சனத்துக்கு முன்னால அவனைத் தோக்கடிக்க வேணும்."

அம்மா எல்சி எப்போதும் போல அந்த மூலைக்கு நேரே, கம்பி வேலிக்கு வெளியே கதிரையைப் போட்டுக் குடையை விரித்துக்கொண்டார்.

அம்மாவிடம் அவனுக்கு ஒரு கோபம் உண்டு. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் லதீசன் வீட்டுக்கு கேக் கொடுத்தனுப்புவார். "அந்தக் கள்ளனுக்கு என்னத்துக்கு?" என்று இவன் கத்தினால், "கேக்குக்கு என்ன பகை?" என்பார்.

லதீசனுக்குத் தொந்தி வைத்திருந்தது. ஆனாலும் டிலுக்ஷனின் மணிக்கட்டு நோவே அவனைக் காப்பாற்றிக்கொண்டே வந்தது. மூன்றாவது செற்றில் ஒருவழியாக டிலுக்ஷன் முந்தினான். இன்னும் ஒரே ஒரு புள்ளி.

லதீசன் மூச்சிரைக்க ஓடி வந்து ஓங்கி அடித்தான். பந்து டிலுக்ஷனைத் தாண்டிப் போய்க் கடற்பக்க மூலையில் விழுந்தது. தடம் பாதி வெள்ளைக் கோட்டிலும் பாதி உள்ளேயும் பளிச்சென்று தெரிந்தது. கோட்டைத் தொட்டாலே உள்ளே என்றுதான் கணக்கு.

டிலுக்ஷனுக்கு உடம்பெல்லாம் இனித்தது. இப்படியொரு பந்துக்காக அவன் எத்தனை இரவு ஏங்கியிருப்பான். நிதானமாக விரலைத் தூக்கினான்.

"வெளியில."

சொல்லிவிட்டுத் தடத்தின் மேல் ஏறி நின்று, ஆசை தீரத் தேய்த்தான்.

லதீசன் வலைக்கு வந்தான். "வடிவாப் பாத்தனியோ மச்சான்?"

"பாத்தனான்."

"சரி. உன்ர பக்கம், உன்ர சொல்லு."

சிரித்தபடியே கையை நீட்டினான். அன்று அவன் நீட்டிய கையைத் தட்டிவிட்டுப் போனவன் டிலுக்ஷன். இன்று பிடித்து நன்றாகக் குலுக்கினான். மணிக்கட்டு நோகவே இல்லை.

சனம் கைதட்டியது. ஊருக்குள் திரியும் மான்களில் வேலியோரம் படுத்திருந்த ஒன்று சத்தத்துக்கு எழுந்து கடற்பக்கமாக நடந்தது. டிலுக்ஷன் நேரே அம்மாவிடம் போனான்.

"பாத்தனீங்களோ அம்மா? அண்டைக்கு அவன் எனக்குச் செய்ததை இண்டைக்கு அப்பிடியே திருப்பிக் குடுத்திட்டன். இனி எனக்கு நிம்மதி."

எல்சி குடையை மடக்கினார். தேய்த்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல், வியர்வை துடைக்கத் துவாயை நீட்டினார்.

"அண்டைக்கு உன்ர பந்து வெளியிலதான் விழுந்தது, மகன்."